அடுப்புச் சாமியின் நெற்றி

எல்லாம் ஏழு செவ்வரத்தம் பூக்களோடு தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருந்தோம். கீழே ஒரு சமூக நிலையம். வயது போன தமிழ் ஆட்களுக்கென்று அங்கே ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை பஸ் பிடித்து எங்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு கண்ணாடிக் கூடாரப் பூங்காவுக்குப் போனோம். உள்ளே வெப்ப நாட்டுச் செடிகள். எங்கள் பெண்கள் செவ்வரத்தையைக் கண்டுவிட்டார்கள். பூசைக்குப் பூப் பிடுங்குவதை எங்கள் ஆட்கள் களவில் சேர்ப்பதில்லை. யாருடைய மரமானாலும் சாமிக்கென்றால் கை தானாக நீளும். மூன்று பேர் சேர்ந்து ஏழு பூப் பிடுங்கினார்கள். அதில் மூன்று என் மனைவியின் கைங்கரியம்.

பூங்காவிலிருந்து நிலையத்துக்குக் கடிதம் வந்தது. அதில் 'ஏறக்குறைய ஒரு டசின்' என்று எழுதியிருந்தார்கள். ஏழு என்று திருத்திப் பதில் போடலாம் என்று நான் சொன்னேன். குழுவை நடத்திய பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டாள். சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்ட எங்கள் ஆள் அவள்.

"அங்கிள், ப்ளீஸ். மனேச்சர் சொல்லிப்போட்டா. இன்னும் ஒரு கொம்ப்ளெயின்ற் வந்தால் ட்ரிப் எல்லாம் கான்சல். பேந்து பஸ்ஸே இல்லை."

என் மனைவி கனடாவுக்கு வந்து மூன்று குளிர்காலம் கழிந்திருந்தது. இங்கிலீசு தெரியாது. லிஃப்ற்றில் தனியே ஏறப் பயம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் மாதத்தில் இருபத்தொன்பது நாள் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதாவது நாள்தான் அந்த வியாழன். அதற்காகப் புதன்கிழமையே சேலையை இஸ்திரி போட்டுக் கதிரையில் விரித்துவிடுவாள். பஸ் நின்றுபோனால் அவள் என்ன செய்வாள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. என்னை என்ன செய்வாள் என்பதும் அந்தப் பயத்தில் ஒரு பங்கு.

ஆகவே, தலை எண்ணும் வேலையையும் ஆட்களைக் கண்காணிக்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கினேன். இலங்கையில் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் களஞ்சியங்களில் பொருள் சரிபார்த்தவன் நான். ஏட்டில் நாற்பது வாளி என்றிருந்தால் நாற்பதையும் கண்ணால் காண வேண்டும். ஒன்று ஓட்டையென்றால் ஓட்டையென்று எழுத வேண்டும். ஓட்டைக்காக ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தியதில்லை. எழுதாமல் விட்டதற்காக நாலு பேரை நிறுத்தியிருக்கிறோம்.

ஒக்ரோபர் மாதம் ஜப்பானிய நாட்டுப்புறக் கைவினைப் பொருள்கள் வைத்த ஒரு சிறிய மியூசியம் என்று அறிவித்தார்கள். பஸ்ஸில் இருபத்தாறு பேர்: பெண்கள் பதினேழு, ஆண்கள் ஒன்பது. டொன் வலிப் பள்ளத்தாக்கைத் தாண்டும்போது நான் எழுந்து நின்று பேசினேன்.

"ஒண்டையும் தொடப்படாது. பிடுங்கப்படாது. மடியில கட்டப்படாது. கண்ணால மட்டும் பாக்கவேணும்."

பின் சீற்றில் மட்டக்களப்புக்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். வாய் மட்டும் இருபது வயது இளையது.

"அண்ணை, மூச்சு விடலாமா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. என் மனைவியின் சிரிப்பு அதில் எடுப்பாகக் கேட்டது.

மியூசியம் ஒரு இரண்டு மாடிச் செங்கல் வீடு. வாசலுக்கு ஒன்பது படி. படியில் கைபிடி இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது, அதையும் குறித்துக்கொண்டேன். உள்ளே ஒரு ஜப்பானிய அம்மா நின்றார். எழுபது வயதிருக்கும், சின்ன உருவம், கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. சப்பாத்தைக் கழற்றும்படி ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று பின்னர் என்னிடம் சொன்னார். எங்களுக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்னரே ஐம்பத்திரண்டு சப்பாத்தும் வாசலில் குவிந்துவிட்டன. உள்ளே போட்டுக்கொள்ள மெல்லிய செருப்புகளை நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு செருப்பைப் போடுவதன் நியாயம் எங்கள் பெண்களுக்குப் பிடிபடவில்லை. அந்த அம்மா ஆளுக்கொரு தடவை குனிந்து வணங்கினார். இருபத்தாறு தடவை. கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

முன் அறையில் நீலச் சாயத் துணிகள், மூங்கில் கூடைகள், வைக்கோலால் பின்னிய ஒரு மழைக்கோட்டு. ஸ்ரேசன் மாஸ்ரர் கோட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"அண்ணை, உங்கட மகன் வாங்கித் தந்த விண்டர் ஜக்கெற்றைவிட இது திறம். பசிச்சா மாட்டுக்கும் போடலாம்."

பெண்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். உள்ளே ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுத் தைத்த பழைய படுக்கை விரிப்பு. ஒரு சதுர அடிக்குள் பதினொரு ஒட்டு.

"இதுக்கும் கண்ணாடிப் பெட்டியே? நான் வரேக்க மூண்டு எறிஞ்சிட்டெல்லோ வந்தனான்," என்றாள் ஒருத்தி.

எல்லாம் ஒழுங்காகப் போனது. அங்கேதான் நான் பிழை விட்டேன். இரண்டாவது அறையில் ஒரு தட்டு நிறைய மரப் பொம்மைகள். உருண்டைத் தலை, உருளை உடம்பு, கையுமில்லை காலுமில்லை. பக்கத்து அட்டையில் நாற்பத்திரண்டு என்று அச்சடித்திருந்தது. நான் எண்ணினேன். நாற்பத்தொன்று. இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம். நாற்பத்தொன்று. இதை எப்படி அப்படியே விட்டுவிட்டுப் போவது? அந்த அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் முகம் மாறியது. ஏட்டை எடுத்துவந்தார். இருவரும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு பெரிய பொம்மையின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி நின்றது.

"நாற்பத்திரண்டு," என்றார் அவர் இங்கிலீசில்.

"நாற்பத்திரண்டு," என்றேன் நானும்.

இருவருக்கும் அப்படியொரு நிம்மதி. இத்தனை வருடத்தில் இதை எண்ணிப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வோடு மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினேழு நிமிடம் ஓடியிருந்தது. பதினேழு நிமிடமாக என் ஆட்களை நான் பார்க்கவில்லை.

பின் அறைக்கு ஓடினேன். அது வயல் செய்யும் ஒரு கமக்காரனின் பழைய வீட்டுக் குசினியைப் போலக் கட்டியிருந்தது. நடுவில் நிலத்தில் சதுரமான அடுப்பு, மேலே கொழுக்கியில் தொங்கும் இரும்புக் கேத்தில், ஓரமாக ஒரு தூண். குறுக்கே ஒரு கயிறு கட்டி, உள்ளே போகக்கூடாது என்று எழுதியிருந்தது. எங்கள் பெண்களில் எட்டுப் பேர் கயிற்றின் இந்தப் பக்கம் அமைதியாக நின்றார்கள். அவர்கள் அமைதியாக நின்றதே எனக்குப் பயத்தைத் தந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எட்டு நெற்றியிலும் புதுத் திருநீறு. காலையில் பஸ்ஸில் ஏறும்போது இருந்ததைவிடப் பளிச்சென்று மூன்று மூன்று குறி.

தூணை நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பதாவது நெற்றி அங்கே இருந்தது.

மரத்தில் செதுக்கிய ஒரு முகம். என் முகத்தைப் போல இரண்டு மடங்கு பெரிது. கரி பிடித்துக் கன்னங்கறுப்பாக, பல்லை நெரித்துக்கொண்டு, சிப்பி பதித்த கண்ணால் முழித்தது. அதன் நெற்றியில், அளந்து போட்டதுபோல் மூன்று வெள்ளைக் குறி.

என் மனைவி கோயிலில் தந்த விபூதிக் கடதாசிச் சரையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்தனீர்?"

"என்ன செய்தது? விபூதி போட்டனான்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

"உவருக்கும் போட்டனீரோ?"

"அவருக்குப் போடாமல் மற்றவைக்கு எப்பிடிப் போடுறது?"

"இஞ்சாரும், இது மியூசியம். உது இவையின்ர சாமான்!"

"சாமானோ? வாயைக் கழுவுங்கோ. அடுப்புக்கு மேல வைரவர் மாதிரிக் கண்ணை முழிச்சுக்கொண்டு நிக்கிறார். நெத்தி வெறுமையாக் கிடக்கு. பாத்திட்டுச் சும்மா வரச் சொல்லுறியளே?"

"வைரவரேதான்," என்றாள் இன்னொருத்தி. மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

தூணின் பக்கத்து அட்டையைப் படித்தேன். வட ஜப்பானில் அடுப்படியில் வைக்கும் சாமியாம். வீட்டை நெருப்பிலிருந்து காக்குமாம். ஆக, மனைவி சொன்னதில் பிழை இல்லை. அதை அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல நான் விரும்பவில்லை. முன் அறையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வைத்திருப்பதாகச் சொல்லி எல்லாரையும் அனுப்பினேன். பிஸ்கற் என்றதும் போனார்கள்.

நானும் சாமியும் தனித்துவிடப்பட்டோம். யோசிக்க நேரமில்லை. கயிற்றைத் தாண்டினேன். கால்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மெல்லத் துடைத்தேன். திருநீறு போகவில்லை, பரவியது. மனைவியின் தண்ணிப் போத்தல் என் கையில் இருந்தது. லேஞ்சியின் நுனியை நனைத்து இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தேன்.

இந்த முறை போனது. ஓரங்களைத் தவிரத் திருநீறும் போனது, அதன் கீழிருந்த கரியும் போனது. என் லேஞ்சி அட்டக் கறுப்பாகிவிட்டது. சாமியின் நெற்றியில் வெறும் மரம் தெரிந்தது. இரண்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம். கறுத்த முகத்தில் அது மொட்டை விழுந்த மாதிரி மினுங்கியது. அப்போதுதான் அட்டையின் கடைசி வரியைப் படித்தேன். தலைமுறை தலைமுறையாக அடுப்புப் புகை ஏறி வந்த கரிதான் இந்தச் சாமியின் சிறப்பு என்று எழுதியிருந்தது.

"அண்ணை." ஸ்ரேசன் மாஸ்ரர் பின்னால் நின்றார். கையில் பிஸ்கற். "சாமிக்கு முகம் கழுவிப்போட்டீங்களா?"

"பகிடி விடாதையும். நான் அழியப்போறன்."

அவர் சாமியையும் என் லேஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிஸ்கற்றை வாய்க்குள் வைத்துவிட்டு, கயிற்றுக்கு மேலால் எட்டி, தொங்கும் கேத்திலின் அடியில் ஒரு விரலை ஓட்டினார். விரல் கறுப்பாக வந்தது.

"இந்தாங்க மருந்து. ஒரு தேய்ப்பு. ஆருக்குத் தெரியப் போகுது?"

பொய் சொல்லக்கூடாது, எனக்கு ஆசை வந்தது. அவருடைய விரலைப் பிடித்துச் சாமியின் நெற்றிவரைக்கும் கொண்டுபோனேன். அந்த அம்மா ஏட்டோடு என் பக்கத்தில் நின்று 'நாற்பத்திரண்டு' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கையை விட்டுவிட்டேன்.

"வேண்டாம். இப்ப பழுது ஒண்டு. கேத்தில் கரியைப் பூசினால் இரண்டு சாமானில பழுது. இரண்டு பக்கம் எழுதவேணும்."

"அப்ப சொல்லப் போறீங்களா? பஸ் நிக்கும். உங்கட மனிசி உங்களைப் பதினாலாம் மாடியில இருந்து தள்ளிவிடுவா."

"நான் போட்டதெண்டு சொல்லப்போறன். நீர் வாயைத் திறக்கப்படாது."

அவர் கறுத்த விரலைத் தன் கால்சட்டைப் பைக்குள் விட்டு ஒளித்துக்கொண்டார். அதைத்தான் உதவி என்று சொல்லலாம்.

அந்த அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"யார் செய்தது?"

"நான்."

"துடைத்ததா?"

"துடைத்ததும் நான். முதலில் வெள்ளைப் பொடி போட்டதும் நான்."

"என்ன பொடி அது?"

"சாம்பல்."

"விறகுச் சாம்பலா?"

ஓம் என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் பழுது எழுதும்போது பொருளின் பெயரை மறைக்க முடியாது.

"மாட்டுச் சாணம். சுட்டு எடுத்தது. மிகவும் சுத்தமானது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதைப் பார்க்க வேண்டும் என்றார். என் மனைவியைக் கூப்பிட்டுச் சரையைத் தரச் சொன்னேன். எங்களுக்குள் நடந்த பேச்சு இங்கிலீசில். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கண்டது இவ்வளவுதான்: அந்த அம்மா விபூதிச் சரையை ஆவலோடு எட்டிப் பார்க்கிறார்.

"அவவுக்கும் வேணுமாமே? பாவம், கேக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிண்டிருக்கிறா."

நான் 'இஞ்சாரும்' என்று வாயெடுப்பதற்குள் மூன்று விரலையும் சரைக்குள் தோய்த்து, அந்த அம்மாவின் நெற்றியில் இழுத்துவிட்டாள். அளந்து போட்டதுபோல் மூன்று குறி. கண்ணுக்குள் விழாதபடி தன் கையால் மறைத்து, மெதுவாக ஊதியும் விட்டாள்.

அந்த அம்மா அசையாமல் நின்றார். பிறகு என் மனைவியின் மூன்று விரலைப் பார்த்தார். சாமியின் நெற்றியில் அழியாமல் நின்ற வெள்ளை ஓரங்களைப் பார்த்தார். அவற்றின் இடைவெளியைப் பார்த்தார். கடைசியாக என் கையைப் பார்த்தார். என் விரல்கள் தடித்தவை. எங்கே வைத்தாலும் பொருந்தாது.

"ஆக," என்றார், "இரண்டும் நீங்கள்தான்."

"இரண்டும் நான்தான்."

"சரி. எழுதுங்கள்."

ஒரு படிவத்தை நீட்டினார். முப்பத்திரண்டு வருடச் சேவையில் ஒரு பொய்யையும் எழுதிக் கையெழுத்துப் போடாத நான், அன்றைக்கு ஒரு நல்ல பொய்யைத் தெளிவான எழுத்தில் எழுதினேன். மற்றதெல்லாம் உண்மை. பழுதின் நீளம், அகலம், நிலத்திலிருந்து உயரம், பாவித்த தண்ணியின் அளவு, லேஞ்சியின் நிறம் முன்னும் பின்னும். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். லேஞ்சியையும் கேட்டார். ஒரு பொலித்தீன் பையில் போட்டு, இலக்கமிட்டு, எடுத்துவைத்தார். இந்தச் சாமி இனிப் பழுது திருத்துபவரிடம் போக வேண்டும், நிலையத்துக்கும் தான் கடிதம் எழுதத்தான் வேண்டும் என்றார். எழுதத்தான் வேண்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் குழுவை நடத்தும் பிள்ளை உள்ளே வந்தாள். மியூசியத்து அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். சாமியின் நெற்றியைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த மர வாங்கில் பொத்தென்று குந்தினாள்.

"ஓ மை கோட். அங்கிள், நீங்களே? உங்களையெல்லோ நான் வோச் பண்ணச் சொன்னனான்?"

நாங்கள் புறப்படும்போது அந்த அம்மா ஒன்பதாவது படியில் நின்று கை காட்டினார். நெற்றியில் மூன்று குறியும் அப்படியே இருந்தது. அழிக்க மறந்தாரா, அழிக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெண்கள் எல்லாரும் பஸ் யன்னலுக்குள்ளால் கும்பிட்டார்கள். அன்றைக்கு மியூசியம் மிக நல்லது, இன்னொரு தரம் வந்து மேல் மாடியையும் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

பன்னிரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதின்மூன்றாம் நாள் பிள்ளை மேலே வந்து கதவைத் தட்டினாள். கடிதம் வந்துவிட்டதாம். நடந்ததை அந்தக் கனவான் தானே வந்து சொன்னார், பழுதின் விபரத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதித் தந்ததில்லை என்றும் அதில் இருந்ததாம். மனேச்சர் அதை இரண்டு தடவை படித்தாராம்.

"அப்ப பஸ்?" என்று கேட்டேன்.

"பஸ் ஓடும் அங்கிள். குறூப்புக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால்..." அவள் என் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "செய்த ஆள் ஒரு வருசத்துக்கு வரேலாது. ஐ ஆம் சோ சொறி."

பிள்ளை போனபின் நடந்ததை மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். அவளுக்கு வரவேண்டிய பழி என் தலையில் விழுந்ததையும், நான் அதை ஏற்றதையும், அதனால் பஸ் தப்பியதையும். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நானெண்டு சொல்லியிருக்கலாமே. நான் விபூதி போட்டது பிழையே? சாமிக்குப் போட்டது. நீங்கள் அழிச்சதுதான் பிழை. சரியான ஆளுக்குத்தான் சரியான தண்டனை குடுத்திருக்கினம்."

அதற்கு மேல் அதில் வாதாட ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தால் அவள் சொன்னது கணக்குப்படி சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் முதல் வியாழக்கிழமை ஒரு சொக்கலேற் தொழிற்சாலை. புதன்கிழமை இரவே நாவல் நிறச் சேலை கதிரையில் ஏறிவிட்டது. காலையில் அவளை லிஃப்ற்றில் கூட்டிக்கொண்டு போனேன். கீழே இறங்கும்வரை அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கதவு திறந்ததும் விட்டுவிட்டாள்.

"மத்தியானம் சோறு குக்கருக்குள்ள இருக்கு. குழம்பைச் சூடாக்கிப்போட்டு அடுப்பை நிப்பாட்டுங்கோ. பேந்து நிப்பாட்டினனானோ நிப்பாட்டேல்லையோ எண்டு எட்டுத் தரம் போய்ப் பாக்காதையுங்கோ."

"கவனம். அங்க ஒண்டையும்..."

"சொக்கலேற்றுக்கு விபூதி போடமாட்டன். போங்கோ."

தலை எண்ணும் வேலையை ஸ்ரேசன் மாஸ்ரருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் பஸ் வாசலில் நின்று, எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிட்டார். விரலை நீட்டி எண்ணவேயில்லை.

நான் நடைபாதையில் நின்றேன். மனைவிக்கு யன்னல் சீற் கிடைத்திருந்தது. நான் வழக்கமாக இருக்கும் சீற்றில் கைப்பையை வைத்தாள். பிறகு நாலாம் மாடி மனிசி ஒருத்தி வந்து பையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு அதில் இருந்துகொண்டாள். இருவரும் ஏதோ கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பஸ் நகர்ந்தது. நான் கையை உயர்த்தினேன். அவள் அந்த மனிசியின் பக்கம் திரும்பி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர்தான் என்னைக் கண்டான். ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சிக்னல் போட்டு வலப்பக்கம் திருப்பினான்.